ஒரே ரவுட்டரில் இரண்டு ஓஎஸ்பிஎஃப்: டையிங் பிரிவின் ரூட் சுற்றில் மாட்டிய நிகழ்வு

## பின்னணி

பின்னலாடைத் தொழிலில் உள்ள ஒரு நிறுவனம், தலைமை அலுவலகத்திலிருந்து சற்றுத் தள்ளியிருந்த வேறொருவரின் ஆலையை வாங்கியது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என மூன்று பிரிவுகள் கொண்ட ஆலை. இயந்திரங்களோடும் ஆட்களோடும் சேர்த்து, அங்கே பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கும் கைமாறியது. அந்த நெட்வொர்க்கைத் தலைமை அலுவலகத்தோடு இணைத்த விதம், சில மாதங்கள் குறையில்லாமல் ஓடிய இணைப்பு ஒரு மின்வெட்டு இரவில் தடுமாறிய கதை, அதைச் சரிசெய்யும்போது எடுத்த முடிவுகள் ஆகியவை இங்கே பதிவாகின்றன. நிறுவனத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ ரவுட்டரைத் தயாரித்தவரின் பெயரோ இதற்குத் தேவையில்லை. இதில் எந்தத் தயாரிப்பும் பழுதாகவில்லை; ஒவ்வொன்றும் தனக்குச் சொன்னபடியே வேலை செய்தது.

தலைமை அலுவலகத்தின் முகவரிகள் 10.20.0.0/16 தொகுதியிலும், ஆலையின் முகவரிகள் 172.16.0.0/16 தொகுதியிலும் இருந்தன (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் தொகுதியின் அளவு; எண் கூடினால் தொகுதி சிறிது). ஒன்றோடொன்று மோதாத தொகுதிகள் அமைந்தது பெரிய வசதி. இரண்டு பக்கமும் ஓஎஸ்பிஎஃப் ஓடியது (எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி, அதாவது எந்த ரூட், என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் புரோட்டோகால்), இரண்டு பக்கமும் அதன் மையப் பகுதியான ஏரியா 0. சரிபார்ப்புக் கடவுச்சொற்கள் வேறு, ரவுட்டர் ஐடி (ஓஎஸ்பிஎஃப்பில் ஒரு ரவுட்டரை அடையாளம் காட்டும் எண்) வைக்கும் பழக்கம் வேறு, பார்த்துக்கொள்ளும் ஆட்களும் வேறு. ஆலைப் பக்கத்தை அங்கே நெடுநாளாக இருந்த ஒரு பொறியாளரே தொடர்ந்து கவனித்தார்.

இணைப்புக்காக ஆலையின் சர்வர் அறையில் இரண்டு ரவுட்டர்களை வைத்தார்கள். இந்தப் பதிவில் அவற்றைக் கிழக்கு, மேற்கு என்று அழைக்கலாம். இரண்டுக்கும் ஒரு கால், அதாவது ஒரு இணைப்பு, ஆலையின் கோர் ஸ்விட்ச் (நடு ஸ்விட்ச்) இருக்கும் அதே விலானில் (உள்ளூர் நெட்வொர்க் துண்டில்). மறு கால் தலைமை அலுவலகக் கோர் வரை போகும் 100 எம்பிபிஎஸ் வாடகை ஃபைபரில். ஃபைபர்கள் வெவ்வேறு நிறுவனத்தாருடையவை, வெவ்வேறு சாலை வழியாக வருபவை. ஒன்றை ஜேசிபி வெட்டினாலும் மற்றொன்று தாங்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு சரியானதுதான்.

கதையின் மையம் டையிங் பிரிவு. சாயமேற்றும் இயந்திரங்களின் கன்ட்ரோலர்கள் 172.16.40.0/24 என்ற நெட்வொர்க்கில், ஒரு சிறிய ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தன. அந்த ஃபயர்வாலில் ஓஎஸ்பிஎஃப் ஓடாது. எனவே அதற்கு முன்னால் இருந்த டையிங் ரவுட்டரில் ஒரு ஸ்டேட்டிக் ரூட் (கையால் எழுதும் ரூட்) எழுதி, அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் மறுவிநியோகம் (வேறிடத்தில் கற்ற ரூட்டைத் தனதாக அறிவிப்பது) செய்திருந்தார்கள். அதாவது ஆலையின் மற்ற ரூட்டுகளைப் போல இது ஓஎஸ்பிஎஃப்பின் உள்ளேயே பிறந்ததல்ல. வெளியிலிருந்து வந்த ரூட், இரண்டாம் வகை, மெட்ரிக் 20 (மெட்ரிக் என்பது ரூட்டின் செலவு; குறைந்ததே வெல்லும்). இந்தச் சின்ன விவரம் பின்னால் பெரிதாகும்.

## ஏன் இரண்டு ப்ராசஸ்

இரண்டு ஏரியா 0-வையும் ஒட்டவைத்து ஒரே ஓஎஸ்பிஎஃப்பாக ஆக்கியிருக்கலாம். அதற்கு ஆலையின் எல்லா ரவுட்டர்களிலும் கை வைக்க வேண்டும்; ரவுட்டர் ஐடிகள் மோதுகின்றனவா என்று பார்க்க வேண்டும்; ஆலையை நிறுத்தவும் முடியாது. ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் இஆர்பி (நிறுவனத்தின் கணக்கு, இருப்பு மென்பொருள்) ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்தது. ஆகவே கிழக்கிலும் மேற்கிலும் ஓஎஸ்பிஎஃப்பை இரண்டு ப்ராசஸாக, அதாவது தனித்தனி ஓட்டமாக, வைத்து, ப்ராசஸ் 1 தலைமை அலுவலகத்தோடும், ப்ராசஸ் 2 ஆலையோடும் பேசட்டும். ஒன்றில் கற்றதை மற்றொன்றில் மறுவிநியோகம் செய்யட்டும் என்று முடிவானது. அன்றைய சூழலில் அது நியாயமான முடிவு. நானாக இருந்தாலும் அங்கிருந்துதான் தொடங்கியிருப்பேன்.

முடிவைப் பதிவு செய்த ஆவணத்தில் ஒரு வரி இருந்தது: இரண்டு ப்ராசஸ் இருப்பதால் இரண்டு நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்கும். இந்த எண்ணம் பலரிடம் உண்டு, அதனால் இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரு ரவுட்டரில் இரண்டு ஓஎஸ்பிஎஃப் ப்ராசஸ் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் தனி அண்டை ரவுட்டர்கள், தனி லிங்க் ஸ்டேட் தரவுத்தளம் (கேட்ட அறிவிப்புகளின் தொகுப்பு), தனி ரவுட்டர் ஐடி, தனி எஸ்பிஎஃப் கணக்கு (மிகக் குறுகிய வழியைக் காணும் கணக்கு). அதுவரை தனித்தனிதான். ஆனால் இரண்டும் கணக்குப் போட்டு முடித்த விடையை எழுதுகிற ரவுட்டிங் டேபிள் ஒன்றே ஒன்று. பாக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) அந்த டேபிளைப் பார்த்துத்தான் போகிறது. டேபிளையும் பிரிக்க வேண்டுமென்றால் விஆர்எஃப் (ஒரே ரவுட்டரில் தனித்தனி டேபிள் வைக்கும் வசதி) வேண்டும். ப்ராசஸ் எண்ணும் அந்த ரவுட்டருக்குள் மட்டுமே பொருள்படும் எண். கிழக்கின் ப்ராசஸ் 2-உம் மேற்கின் ப்ராசஸ் 2-உம் பெயரொற்றுமையால் உறவாவதில்லை.

ஒரே ப்ராசஸுக்குள் ஒரு நெட்வொர்க்குக்குப் பல ரூட்டுகள் கிடைத்தால் எதை எடுப்பது என்பதற்கு 1998-இல் வெளியான ஓஎஸ்பிஎஃப் விதி ஆவணமான ஆர்எஃப்சி 2328 தெளிவான வரிசை தருகிறது. ஏரியாவுக்குள் இருப்பது முதலில், ஏரியாக்களுக்கிடையே உள்ளது அடுத்தது, பிறகு வெளி ரூட்டின் முதல் வகை, கடைசியாக இரண்டாம் வகை. இரண்டு ப்ராசஸ்களுக்கு இடையே இந்த வரிசை செல்லாது. ரவுட்டர் அவற்றை இரண்டு வேறு புரோட்டோகால்களாகவே பார்க்கிறது. நிர்வாகத் தூரத்தை, அதாவது எந்தப் புரோட்டோகாலை எவ்வளவு நம்புவது என்ற எண்ணை (குறைந்ததே வெல்லும்), மட்டும் ஒப்பிடுகிறது. பரவலாகப் புழங்கும் ரவுட்டர் மென்பொருளில் ஓஎஸ்பிஎஃப்பின் தூரம் 110. இங்கே இரண்டுக்கும் 110. சமமாக இருந்தால் என்ன ஆகும் என்பது தயாரிப்பையும் மென்பொருள் பதிப்பையும் பொறுத்தது. இவர்களுடைய பதிப்பில், முதலில் டேபிளில் எழுதிய ப்ராசஸ் இடம் பிடித்துக்கொள்ளும். பின்னால் வருவது எவ்வளவு நல்ல ரூட்டாக இருந்தாலும் அதைத் தள்ள முடியாது.

## அன்று இரவு தெரிந்தவை

நைட் ஷிஃப்டில் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறியது. டையிங் பிரிவின் யூபிஎஸ் பேட்டரி தளர்ந்திருந்ததால் ஃபயர்வால் அணைந்து எழுந்தது, மறுபடி அணைந்தது, பிறகு நிலைத்தது. சற்று நேரத்தில் டையிங் சூப்பர்வைசரிடமிருந்து அழைப்பு: இயந்திரங்களுக்கு ரெசிபி இறங்கவில்லை. சாயம், உப்பு, வெப்பம், நேரம் எல்லாம் தலைமை அலுவலக சர்வரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போக வேண்டும். பாதியில் நிற்கிற லாட்டில் ஷேடு மாறினால் துணியைத் திருப்பி ஏற்ற வேண்டிவரும். அதனால் அவர் குரலில் பதற்றம் இருந்ததில் வியப்பில்லை.

அடுத்த அரை மணிக்குள் புகார் பெருகியது. ஆலையின் எல்லாப் பிரிவிலும் இஆர்பி மெதுவாகிவிட்டது. எடைமேடையில் லாரிகள் நின்றன. ஆலைப் பொறியாளர் தன் மேசைக் கணினியிலிருந்து ஒரு கன்ட்ரோலரைப் பிங் செய்தார் (எட்டுகிறதா என்று சோதனைப் பாக்கெட் அனுப்பினார்); பதில் வந்தது. பக்கத்து மேசையிலிருந்து அதே முகவரிக்குச் செய்தார், வரவில்லை. முதல் கணினியிலிருந்தே அடுத்த கன்ட்ரோலருக்குச் செய்தார், அதுவும் வரவில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்கியது. உடைந்திருந்தால் எல்லாருக்கும் உடைந்திருக்க வேண்டும், சரியாக இருந்தால் எல்லாருக்கும் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதல் சந்தேகம் ஃபைபர் மேல் விழுந்தது. கண்காணிப்புத் திரையில் இரண்டு வாடகை ஃபைபரும் நிரம்பி வழிந்தன. ஃபைபர்காரர்கள் சோதித்துவிட்டு லைன் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். வைரஸ் பரவுகிறதோ என்று ஒருவர் கேட்டார். நெட்வொர்க் பொறுப்பாளரிடம் இளநிலைப் பொறியாளர், "சார், கிழக்கை ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பார்த்திரலாமா?" என்றார்.

பொறுப்பாளர் உடனே சம்மதிக்கவில்லை. கிழக்கை அணைத்தால் ஆலையின் போக்குவரத்து முழுவதும் ஏற்கெனவே நிரம்பிய மேற்கு ஃபைபரின் தலையில் விழும். அதைவிட முக்கியமாக, எழுந்து வரும் ரவுட்டரில் நடந்ததற்கான தடயம் எதுவும் மிஞ்சாது. "அஞ்சு நிமிஷம் குடுப்பா, முதல்ல எல்லாத்தையும் எடுத்து வச்சுக்குவோம்" என்றார். இந்த ஆய்வு எழுத முடிந்ததே அந்த ஐந்து நிமிடத்தால்தான்.

## தேடிக் கண்டது

பாக்கெட் எந்த ரவுட்டர்கள் வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட் முதல் விடையைத் தந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து 172.16.40.0/24 நோக்கிப் போட்டபோது தலைமை அலுவலகக் கோர், மேற்கு, கிழக்கு, மறுபடி கோர், மேற்கு, கிழக்கு என்று மூன்று முகவரிகளே முப்பதாவது தாவல்வரை (ஒரு ரவுட்டரைக் கடப்பது ஒரு தாவல்) திரும்பத் திரும்ப வந்தன. பாக்கெட் வட்டமடிக்கிறது.

ஃபைபர்களின் போக்குவரத்து வரைபடத்தைத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்று புலப்பட்டது. இரண்டு ஃபைபரும் நிரம்பியிருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு திசையில் மட்டும். மேற்கு ஃபைபர் ஆலைக்கு வரும் திசையிலும், கிழக்கு ஃபைபர் ஆலையிலிருந்து போகும் திசையிலும். எதிர்த் திசைகள் வழக்கம்போலக் கிடந்தன. வைரஸோ பெரிய கோப்பு நகலோ இப்படி ஒரு உருவத்தைத் தராது. மேற்கில் இறங்கி, ஆலையின் விலானைக் கடந்து, கிழக்கில் ஏறித் திரும்பும் வட்டம் மட்டுமே தரும். அனுப்பும் சர்வர் ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் (தாவலுக்கு ஒன்று குறைந்து, பூச்சியமானால் பாக்கெட்டைச் சாகடிக்கும் எண்) 128 என்று வைக்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று தாவல் என்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் சாவதற்குள் ஏறக்குறைய 40 முறை அதே ஃபைபரைக் கடக்கும். பதில் வராத சர்வர் மீண்டும் மீண்டும் அனுப்பும். 100 எம்பிபிஎஸ் நிரம்ப வேறு எதுவும் வேண்டாம். தன் மேல் தவறே இல்லாத எடைமேடையும் சேர்ந்து முடங்கியதற்குக் காரணம் இதுதான்.

பிறகு இரண்டு ரவுட்டரின் ரவுட்டிங் டேபிளையும் தரவுத்தளங்களையும் எடுத்தார்கள். மேற்கில் 172.16.40.0/24 ப்ராசஸ் 2 வழியாகவே இருந்தது, ஆனால் அடுத்த தாவல் டையிங்கை நோக்கி இல்லாமல் கிழக்கை நோக்கி இருந்தது. கிழக்கிலோ அதே நெட்வொர்க் ப்ராசஸ் 1 வழியாக, தலைமை அலுவலகத்தை நோக்கி. ஆலைக்குள் இருக்கும் ஒரு நெட்வொர்க்குக்கு, ஆலைக்குள்ளேயே நிற்கும் ரவுட்டர், தலைமை அலுவலகம் வழியாகப் போகச் சொல்கிறது.

தரவுத்தளம் மிச்சத்தைச் சொன்னது. முந்தைய வாரம் எடுத்து வைத்த நகலில், ப்ராசஸ் 1-இல் இந்த நெட்வொர்க்கை அறிவித்தவர்கள் இருவர், கிழக்கும் மேற்கும். ப்ராசஸ் 2-இல் அறிவித்தது டையிங் ரவுட்டர் மட்டும். இப்போது ப்ராசஸ் 1-இல் மேற்கு மட்டும் அறிவிக்கிறது. ப்ராசஸ் 2-இல் டையிங் ரவுட்டரோடு கிழக்கும் சேர்ந்து அறிவிக்கிறது. கிழக்கு, தனக்குச் சொந்தமில்லாத ஆலை ரூட்டை ஆலைக்கே திருப்பி விற்றுக்கொண்டிருந்தது.

## நடந்தது என்ன

ஃபயர்வால் அணைந்த நொடியில் டையிங் ரவுட்டர் தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அந்தச் செய்தி கிழக்குக்கும் மேற்குக்கும் ஒரே நேரத்தில் போனது. கிழக்கு கொஞ்சம் முந்திக் கணக்குப் போட்டது. ப்ராசஸ் 2-இன் ரூட்டை டேபிளிலிருந்து எடுத்தது. காலியான இடத்துக்கு வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தது. ப்ராசஸ் 1 இருந்தது: மேற்கு சற்று முன்புவரை தலைமை அலுவலகம் பக்கம் அறிவித்திருந்த அதே ரூட், இன்னும் அழியாமல். அதை எழுதிக்கொண்டது. எழுதியதும், ப்ராசஸ் 1-இல் உள்ளதை ப்ராசஸ் 2-இல் மறுவிநியோகம் செய் என்ற கட்டளைப்படி, ஆலைக்குள் அதை வெளி ரூட்டாக அறிவித்தது.

மேற்கு தன் கணக்கை முடிப்பதற்குள் கிழக்கின் அறிவிப்பு விலான் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. மேற்கின் பார்வையில் அந்த நெட்வொர்க் சாகவே இல்லை. டையிங் வழியாக இருந்தது, இப்போது கிழக்கு வழியாக இருக்கிறது, அவ்வளவே. எனவே தலைமை அலுவலகம் பக்கம் தந்த அறிவிப்பை அது திரும்பப் பெறவில்லை. கிழக்கு நம்புவது மேற்கின் சொல்லை, மேற்கு நம்புவது கிழக்கின் சொல்லை. தொடக்கி வைத்தவர் எப்போதோ வாபஸ் வாங்கிவிட்ட ஊர்ப்பேச்சு, இருவர் வாயில் மட்டும் உயிரோடு சுற்றுவது போல ஆயிற்று.

இதுவரை நடந்தது ஃபயர்வால் எழுந்ததும் தானாகச் சரியாகியிருக்க வேண்டும் அல்லவா? அந்த நெட்வொர்க் ஓஎஸ்பிஎஃப்புக்குள்ளேயே பிறந்த ரூட்டாக இருந்திருந்தால் ஆலைக்குள் வட்டம் உடைந்திருக்கும். உள் ரூட் வந்ததும் ப்ராசஸ் 2-இல் கிழக்கின் வெளி ரூட் தோற்றுவிடும்; மேற்கு சரியான பக்கம் திரும்பிவிடும். இங்கே உண்மையான ரூட்டும் இரண்டாம் வகை வெளி ரூட், மெட்ரிக் 20. கிழக்கு விற்ற போலி ரூட்டும் அதே வகை. இரண்டாம் வகையின் மெட்ரிக் எத்தனை தாவல் போனாலும் கூடாது, இந்த மென்பொருளில் ஒரு ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும்போதும் அப்படியே கடக்கும். ஆக அதுவும் 20. மெட்ரிக் சமமானால் அறிவித்தவர் எவ்வளவு பக்கம் என்று பார்ப்பது விதி. மேற்கிலிருந்து கிழக்கு ஒரே விலானில், செலவு 1. டையிங் ரவுட்டர் கோரைத் தாண்டி, செலவு 2. போலி வென்றது.

ஆலைக் கோருக்கோ கிழக்கும் டையிங் ரவுட்டரும் ஒரே தூரம், செலவு 1. சமமாக வந்தால் கோர் இரண்டு பக்கமும் பங்கிட்டு அனுப்பும். எந்த இரு முகவரிகளுக்கு இடையே என்பதைப் பொறுத்து எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும். பக்கத்துப் பக்கத்து மேசைகளில் ஒன்றுக்குப் பதில் வந்து மற்றொன்றுக்கு வராத மர்மம் இதனால் வந்தது. கிழக்கில் ப்ராசஸ் 2 உண்மையான ரூட்டைக் கண்டுகொண்டுதான் இருந்தது. ஆனால் டேபிளில் ப்ராசஸ் 1 ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால், அதே 110-ஐ வைத்துக்கொண்டு உள்ளே வர முடியவில்லை.

மறுவிநியோகத்தின் அடிப்படைக் குறை இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ரூட் தன் பிறந்த இடத்தை மறந்துவிடுகிறது. அறிவிப்பவரே அதன் பிறப்பிடம் ஆகிவிடுகிறார். இது சிறு ஆலைக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. 1997 ஏப்ரல் 25 அன்று 7007 என்ற எண்ணுடைய தன்னாட்சி அமைப்பிலிருந்து (இணையத்தில் தனி நிர்வாகத்தில் ஓடும் நெட்வொர்க்), மற்றவர்களுடைய ஏராளமான ரூட்டுகள் /24 துண்டுகளாக உடைந்து, முன்பு கடந்து வந்த பாதை விவரம் அழிந்து, அங்கேயே பிறந்தவை போல வெளியே பாய்ந்து இணையத்தின் பெரும்பகுதியை மணிக்கணக்கில் குலைத்தன. அளவுதான் வேறு.

வட்டம் விழுவது மில்லி விநாடிக் கணக்கில் யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்தது. ஆகவே முன்பு பல மின்வெட்டுகளில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு குறிப்பு கிடைத்தது: சில வாரங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு மந்தம், கிழக்கு ரீபூட் செய்யப்பட்டது, "லைன் கோளாறு, தானாகச் சரியானது". ரீபூட் உண்மையிலேயே சரிசெய்திருக்கும். கிழக்கு மறைந்தால் போலி ரூட்டும் மறையும், மேற்கு டையிங் பக்கம் திரும்பும். காரணம் மட்டும் அங்கேயே இருக்கும்.

## அந்த நேரத்து முடிவு

எதைச் செய்தாலும் ஒரே ஒரு இடத்தில், ஒரு வரியில், திரும்பப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும் என்று பொறுப்பாளர் சொன்னார். கிழக்கில் ப்ராசஸ் 1-இலிருந்து 2-க்குப் போகும் மறுவிநியோகத்தில், 172.16.0.0/16-க்குள் வரும் எதையும் விடாதே என்று ஒரு வடிகட்டியைப் போட்டார்கள். ஆலையின் முகவரி எதுவும் தலைமை அலுவலகப் பக்கமிருந்து ஆலைக்குள் நுழைய எந்த நியாயமும் இல்லை என்பதால் இதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

கிழக்கின் போலி அறிவிப்பு அழிந்தது. மேற்கும் கோரும் டையிங் ரவுட்டர் பக்கம் திரும்பின. ஃபைபர் வரைபடம் செங்குத்தாக இறங்கியது. ரெசிபிகள் இறங்கத் தொடங்கின. கிழக்கின் டேபிளில் மட்டும் ப்ராசஸ் 1 இன்னும் உட்கார்ந்திருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து அந்த நெட்வொர்க்குக்கு எல்லாம் மேற்கு வழியாகவே போய்க்கொண்டிருந்ததால் அதை அன்று இரவு தொடவில்லை. ஓஎஸ்பிஎஃப் ப்ராசஸையே அழித்து எழுப்பலாம் என்ற யோசனையும் தள்ளப்பட்டது. நூறு ரூட்டை உலுக்கி ஒரு ரூட்டைச் சரிசெய்வது அந்த நேரத்துக்கு ஏற்றதாக இல்லை.

## நிரந்தரத் தீர்வு: பரிசீலித்தவை

ஒரே ஓஎஸ்பிஎஃப்பாக இணைப்பது சுத்தமான வழி. அதற்கான காலம் இன்னும் வரவில்லை. எல்லையில் பிஜிபி (தன்னாட்சி அமைப்புகளுக்கு இடையே ரூட்டுகளைப் பரிமாறும் புரோட்டோகால்) வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் 64512 முதல் 65534 வரையுள்ள தனியார் தன்னாட்சி அமைப்பு எண்களில் ஒன்றைத் தருவது இன்னொரு வழி. பிஜிபி ரூட் கடந்து வந்த பாதையைச் சுமந்துகொண்டே வருவதால் தன் எண்ணைப் பாதையில் பார்த்தவுடன் தள்ளிவிடும். நீண்ட காலத்துக்கு இதுவே சரி என்பது என் கருத்து. ஆனால் எல்லைக்குள் ஓஎஸ்பிஎஃப்புக்கும் பிஜிபிக்கும் நடுவே மறுவிநியோகம் அப்போதும் இருக்கும். அங்கே கவனம் தவறினால் பழைய கதைதான். ஆலைப் பொறியாளருக்கு பிஜிபி பழக்கமில்லை என்பதும் கணக்கில் எடுக்கப்பட்டது. இரவு இரண்டு மணிக்கு அவர்தான் அங்கே இருப்பார்.

எனவே இரண்டு ப்ராசஸ் அமைப்பையே வைத்துக்கொண்டு, மறந்துபோகும் பிறப்பிடத்தை நினைவூட்டும் ஏற்பாட்டைத் தேர்ந்தார்கள். ஓஎஸ்பிஎஃப்பின் வெளி அறிவிப்பில் 32 பிட் டேக் (அடையாள எண்) ஒன்று உண்டு. ஓஎஸ்பிஎஃப் அதைப் பயன்படுத்துவதில்லை, அப்படியே சுமந்து செல்லும். ஆலையிலிருந்து தலைமைப் பக்கம் போகும் எல்லாவற்றிலும் டேக் 200, எதிர்த் திசையில் டேக் 100. எல்லை ரவுட்டர் இரண்டிலும், 200 உள்ளது ஆலைக்குள் திரும்ப நுழையாது. 100 உள்ளது தலைமைப் பக்கம் திரும்ப நுழையாது. அதன் மேல் முகவரித் தொகுதி வடிகட்டியும் இரண்டு திசைக்கும் இரண்டு ரவுட்டரிலும். டேக் யாராவது மறந்து போடாமல் விட்டால் தொகுதி வடிகட்டி பிடிக்கும். நாளை புதிய தொகுதி ஒன்று சேர்ந்தால் டேக் பிடிக்கும்.

இது திருப்பி விற்பதைத் தடுக்கிறது. கிழக்கின் டேபிளில் தவறான ப்ராசஸ் முந்திக்கொள்வதைத் தடுக்காது. வட்டம் வராது, ஆனால் பக்கத்திலிருக்கும் டையிங்குக்குத் தலைமை அலுவலகம் வரை போய்த் திரும்பும் நிலை வரலாம். அதற்கு முதலில் வந்த யோசனை, வெளி ரூட்டுகளின் தூரத்தை ப்ராசஸ் 1-இல் கூட்டுவது. அது டையிங்குக்கு உதவும். தலைமை அலுவலகத்தின் சொந்த வெளி ரூட்டுகளுக்கோ அப்படியே எதிராக முடியும், ஏனென்றால் அவற்றின் ப்ராசஸ் 2 நகல் 110-லேயே இருக்கும். டேக் 200 உள்ள எதையும் கிழக்கின் டேபிளில் எழுதவே விடாமல் தடுக்கலாம் என்றார் ஒருவர். அப்படிச் செய்தால், ஆலை விலானோடு கிழக்கின் கால் அறுந்த அன்று அதனால் மேற்கு வழியாக ஆலையை அடைய முடியாது. இரண்டு ரவுட்டர் வைத்ததன் பயனே போய்விடும்.

ஏற்றுக்கொண்ட வழி இது: கிழக்கில், இரண்டு ப்ராசஸிலும், மேற்கின் ரவுட்டர் ஐடியிலிருந்து வரும் எதற்கும் தூரம் 180. மேற்கிலும் கிழக்கைப் பற்றி அதே விதி. எல்லை ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்வதெல்லாம் எப்போதும் இரண்டாம் கைச் செய்தி, எனவே உரியவர் பேசும்போது அதற்கு மதிப்பில்லை. உரியவரோடு தொடர்பே அற்றுப்போனால் மட்டும் அதைக் கேட்கலாம். 110 திரும்ப வந்ததும் 180 தானாக விலகும்.

இந்த விதி ரவுட்டர் ஐடியை நம்பி நிற்கிறது. பார்த்தால், கிழக்கின் ப்ராசஸ் 2-க்கு யாரும் ஐடி எழுதவில்லை; ஏதோ ஒரு இன்டர்ஃபேஸ் முகவரியை அது தானாக எடுத்திருந்தது. அடுத்த ரீபூட்டில் அது மாறினால் விதி சத்தமில்லாமல் செல்லாததாகிவிடும். நான்கு ஐடிகளையும், ரவுட்டருக்கு இரண்டு லூப்பேக் (எந்தக் கேபிளையும் சாராத உள் முகவரி) வீதம், கையால் எழுதினார்கள். ஐடி மாற்றம் ப்ராசஸ் மீண்டும் எழும்போதுதான் செல்லுபடியாகும் என்பதால் இது ஞாயிறு ஷிஃப்ட் இடைவெளிக்குத் தள்ளப்பட்டது.

## சோதனையும் பின்விளைவும்

ஞாயிறன்று மேற்கில் முதலில், போக்குவரத்து கிழக்கில் ஓடும்போது; பிறகு மாறி. ஒவ்வொரு ரவுட்டரிலும் வடிகட்டி, டேக், ஐடி, தூரம் என்ற வரிசையில். தூரத்தை முதலில் போட்டு ஐடி மாறினால் மேலே சொன்ன பள்ளத்தில் அன்றே விழுந்திருப்பார்கள்.

முடித்ததும் ஆலை மின்னியலாளரை ஃபயர்வாலின் பிளக்கை வேண்டுமென்றே பிடுங்கிச் செருகச் சொன்னார்கள், வேகமாகவும் மெதுவாகவும். ஒவ்வொரு முறையும் 172.16.40.0/24 நான்கு தரவுத்தளங்களிலிருந்தும் போனது, எழுந்ததும் டையிங் ரவுட்டரை நோக்கியே வந்தது. கிழக்கின் டேபிளில் சில நேரம் 180 ஒரு கணம் தலைகாட்டி மறைந்தது. எதிர்பார்த்ததுதான், டேக் இருப்பதால் அது ஆலைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்து ஆலை விலானிலிருந்து கிழக்கின் கேபிளைக் கழற்றினார்கள். கிழக்கு எல்லா ஆலை ரூட்டையும் 180-இல் மேற்கு வழியாக எடுத்துக்கொண்டது. திரும்பச் செருகியதும் 110-க்கு மாறியது. தலைமை அலுவலகப் பக்கத்திலும் இதே சோதனையைச் செய்தார்கள். இந்தப் பாதியை அவசரத்தில் விட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு.

அதன் பிறகும் டையிங்கில் மின்வெட்டு வந்தது. ஃபயர்வால் அணைந்த நேரத்துக்கு அந்தப் பிரிவு மட்டும் நின்றது. எடைமேடைக்குத் தெரியவே இல்லை. பேட்டரியையும் மாற்றினார்கள்.

## மாற்ற வேண்டியவை

ஆவணத்திலிருந்த "தனித்தனியாக இருக்கும்" என்ற வரியை நீக்கிவிட்டு, எந்த ரூட் எந்தத் திசையில் எந்த டேக்குடன் கடக்கலாம் என்ற அட்டவணையை அங்கே வைத்திருக்கிறார்கள். இரண்டு இடங்களில் இருவழி மறுவிநியோகம் செய்யும் எந்தத் திட்டமும் இந்த அட்டவணை இல்லாமல் ஒப்புதல் பெறாது.

கண்காணிப்பில் லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு எல்லா லிங்க்கும் உயிரோடுதான் இருந்தன. இப்போது எல்லை ரவுட்டர்களின் டேபிளில் 172.16 தொகுதியின் எந்த ரூட்டாவது ப்ராசஸ் 1-இல் சில விநாடிகளுக்கு மேல் தங்கினாலோ, 10.20 தொகுதியின் ரூட் ப்ராசஸ் 2-இல் தங்கினாலோ எச்சரிக்கை வரும். டிடிஎல் தீர்ந்து செத்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கையும் பார்க்கப்படுகிறது. வட்டம் எங்கே விழுந்தாலும் முதலில் அந்த எண்தான் ஏறும். ரீபூட்டுக்கு முன் எடுக்க வேண்டிய கட்டளைகளின் பட்டியல் சர்வர் அறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. பதிவேட்டில் "தானாகச் சரியானது" என்று எழுதினால் அந்தக் குறிப்பு மூடப்படாமல் பொறுப்பாளரிடம் போகும்.

ரவுட்டர் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது, சம தூரமுள்ள இரண்டு ப்ராசஸில் எது வெல்லும் என்பதைச் சோதனை ரவுட்டரில் பார்த்த பிறகே ஏற்றுவது என்றும் முடிவு. கடைசியாக எழுதியவர் வெல்லும் பதிப்புகளும் உண்டு. 180 விதி இருப்பதால் சமநிலை இப்போது வரக்கூடாது. வராமலிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்காகவே இந்தச் சோதனை.

பிஜிபிக்கு மாறும் திட்டம் ஆலைப் பொறியாளரின் பயிற்சி முடிந்தபின் எடுத்துக்கொள்ளப்படும். அதுவரை இரண்டு ப்ராசஸ் தொடரும். அவர் இப்போது சோதனை ரவுட்டர்களில் டேக்கை வேண்டுமென்றே நீக்கி வட்டத்தை வரவழைத்து, ட்ரேஸ்ரூட்டிலிருந்து தொடங்கித் தனியாகக் கண்டுபிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்.